நான்கு விலையில் ஒரு லென்ஸ்: கண்புரை அறுவை பற்றிய இழை

குலசேகரம் வாசகர் கேட்டது, 7 ஜனவரி 2024

என் அத்தானுக்கு வயது 58. ரப்பர் பால் வெட்டுதான் தொழில். இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லி, மருத்துவமனையில் நான்கு விலைகள் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். குறைந்தது 18,000 ரூபாய். அதிகம் 95,000, அதில் லேசரும் மும்முனை லென்ஸும் சேர்த்தி. கண் விஷயத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது, பெரிய விலைக்கே போய்விடலாம் என்கிறாள் அக்கா. விலை கூடினால் பார்வையும் கூடும்தானே?

7 ஜனவரி 2024, இரவு

கூடாது. அந்த அட்டையில் இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே விலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். புரையை எந்த வழியில் எடுப்பது என்பது ஒரு கேள்வி. எடுத்த இடத்தில் எந்த லென்ஸை வைப்பது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மருத்துவர்தான் விடை சொல்ல வேண்டும். இரண்டாவதற்குப் பாதி விடை உங்கள் அத்தானிடம் இருக்கிறது.

புரை என்பது கண்ணின் மேல் படரும் தோல் அன்று. கண்பாவைக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸே மங்கிப் பழுப்பேறுவதுதான் புரை. ஆகவே எந்தச் சொட்டு மருந்திலும் அது கரையாது, எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாக வேண்டும். பேக்கோ முறையில் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துளை வழியாகக் கருவியின் முனையை நுழைத்து, மீயொலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சிய பின், மடித்து வைத்த செயற்கை லென்ஸை அதே துளை வழியாகச் செலுத்துவார்கள்; உள்ளே போனதும் அது விரிந்துகொள்ளும். சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1967இல் தொடங்கி வைத்தது இது. எஸ்.ஐ.சி.எஸ். என்ற முறையில் ஆறேழு மில்லிமீட்டர் வெட்டு வழியாகப் புரையின் கருவை உடைக்காமல் வெளியே எடுத்துத் தையல் போடுவார்கள்.

லென்ஸில் ஒருமுனை என்பது ஒரே தூரத்துக்குத் தெளிவு தருவது. மும்முனை என்பது உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரம், இடைத்தூரம், கிட்டம் என்று பங்கு வைப்பது. டோரிக் என்பது, கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரையும் சேர்த்துத் திருத்துவது.

இனி நீங்கள் சொல்லுங்கள். அத்தான் எத்தனை மணிக்குத் தோட்டத்துக்குப் போகிறார்? நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டா? சர்க்கரை உண்டா? இதுவரை கண்ணாடி போட்டவரா?

8 ஜனவரி 2024

தவறு என்னுடையது. எஸ்.ஐ.சி.எஸ். முறையில் தையல் போடுவார்கள் என்று நேற்று எழுதியதைக் கருங்கல்லைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் திருத்தியிருக்கிறார். வெள்ளைவிழியில் சுரங்கம் போலச் சாய்வாக அறுத்துக்கொண்டு போவதால், கண்ணின் உள் அழுத்தமே அந்த வாயை அடைத்துவிடும்; பொதுவாகத் தையல் தேவைப்படாது. நான் அதற்கு முந்திய முறையோடு குழப்பிக்கொண்டேன். என் மாமியாருக்கு அந்த அறுவை நடந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் இப்படி எழுதியிருக்கக் கூடாது.

மாமியார் திருவட்டாறில் இருந்தார். புரை முற்றட்டும் என்று சொல்லிச் சொல்லியே கண்பாவை வெள்ளையாகத் தெரியும் வரை விட்டுவிட்டார். முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது பழைய அறுவைக் காலத்துப் பேச்சு. இப்போது காத்திருந்தால் புரை கல்லாக இறுகுவதுதான் மிச்சம், அதை மீயொலியால் உடைக்க அதிக ஆற்றல் செலவாகும், கருவிழியின் உட்புறச் செல்கள் அதைத் தாங்க வேண்டும். அளவெடுப்பதிலும் தொல்லை உண்டு. ஒளியால் அளக்கும் கருவியின் கதிர் அவ்வளவு அடர்ந்த புரையைத் துளைத்துப் போகாது என்பதால், மீயொலியால் கண்ணின் நீளத்தை அளந்தார்கள். மருத்துவர் பேக்கோ பேச்சையே எடுக்கவில்லை, எஸ்.ஐ.சி.எஸ். செய்தார். மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் மாமியார் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “இந்த மாறாலைக்க கீழ இருந்தா இத்தற நாளும் சோறு தின்னேன்?” என்றார். அன்று மாலை ஓட்டடை அடித்தவன் நான்.

சின்ன வெட்டு நல்ல அறுவை, பெரிய வெட்டு ஏழை அறுவை என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று. நேபாளத்தில் சாண்டுக் ரூயிட் குழுவினர் முற்றிய புரைகளில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுமே நல்ல பார்வை தந்தன, எஸ்.ஐ.சி.எஸ். விரைவாகவும் மலிவாகவும் முடிந்தது. பேக்கோவுக்கு உரிய மேன்மை வேறு: துளை சிறியது என்பதால் கருவிழியின் வளைவு அதிகம் மாறாது, புதிய சிலிண்டர் பவர் குறைவாகவே உண்டாகும்.

11 ஜனவரி 2024

என் கதையைச் சொல்லாமல் பிறர் கதையையே சொல்கிறேன் என்று தக்கலை நண்பர் குத்திக்காட்டியிருக்கிறார். சரி.

நான் 34 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவன். பள்ளிக் காலத்திலிருந்தே மைனஸ் மூன்று. கண்ணாடி போட்டால் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியும். கழற்றினால் பத்திரத்தின் பொடி எழுத்து ஓர் அடி தூரத்தில் கல்வெட்டுப் போல நிற்கும். ஊரில் என் வயதுக்காரர்களெல்லாம் நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு அலைந்தபோது, நான் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சர்வே எண் வாசித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு ஒரு கர்வம் என்றே சொல்லலாம்.

சென்ற நவம்பரில் வலது கண்ணில் அறுவை. பேக்கோ, ஒருமுனை லென்ஸ், பன்னிரண்டு நிமிடம், வலி இல்லை. மறுநாள் மொட்டை மாடியில் நின்று வேளி மலையில் மரம் மரமாகப் பிரித்துப் பார்த்தேன். பிறகு கீழே வந்து மருந்துச் சீட்டை எடுத்தேன். ஓர் எழுத்து தெரியவில்லை. கையை நீட்டினேன், மடக்கினேன். என் கைரேகையே எனக்குத் தெரியவில்லை. லென்ஸைத் தூரத்துக்குக் குறிவைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் வைப்பார்களாம். எனக்கு எது வேண்டும் என்று அந்த மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. அட்டையில் நான்கு விலை இருந்ததே ஒழிய அந்தக் கேள்வி இல்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது எழுதுவார்கள்.

அறுவையில் குறை ஒன்றும் இல்லை. இலக்கு தவறிவிட்டது. லென்ஸின் பவரைக் கணக்கிடுவதற்கு முன், கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அது கிட்டமாகவும் இருக்கலாம். அந்த முடிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் கட்டணம் கிடையாது.

இப்போது வலது கண் பூஜ்யம், புரை வளர்ந்ததால் இடது கண் மைனஸ் ஐந்து. இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணாடி போட்டால் இரு கண்ணிலும் உருவத்தின் அளவு வேறுபடுகிறது, தலை சுற்றுகிறது. இடது கண்ணைக் கிட்டத்துக்குக் குறிவைத்து அறுவை செய்துவிட்டால் தீர்ந்தது.

12 ஜனவரி 2024

கேட்டவருக்குச் சொல்கிறேன்: ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரைக்கும் கண்புரைக்கும் பெயரில்தான் ஒற்றுமை. ஆனால் அறுவை முடிந்த சில வாரங்களுக்குக் கண்புரை எடுத்தவர் புகைப்புரைக்குள் போகாமல் இருப்பது நல்லது.

19 ஜனவரி 2024

குலசேகரம் வாசகரின் பதில் வந்துவிட்டது. அத்தான் அதிகாலை மூன்றரைக்கு நெற்றி விளக்கோடு இறங்குகிறார், சரிவான தோட்டம், சர்க்கரை இல்லை, வாசிப்பு என்றால் சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் மட்டும்.

அந்தத் தொழிலை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் இருட்டு. வெளிச்சம் நெற்றியிலிருந்து ஒரு வட்டமாக மரத்தில் விழுகிறது. பட்டையைப் பால் வரும் ஆழத்துக்குச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் தடியில் கத்தி படக் கூடாது. அந்தச் சிறு வேறுபாட்டை ஈரப் பட்டையின் நிறத்தில்தான் கண்டுகொள்ள வேண்டும். முகத்துக்கும் பட்டைக்கும் ஏறக்குறைய ஒரு கை நீளம். பால் சொட்டும் சிரட்டையைச் சரிசெய்துவிட்டு, வேர்களைத் தாண்டி அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். மும்முனை லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடுவதால், ஒரு நிறத்துக்கும் அதையொட்டிய நிறத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கிய ஒளியில் சற்றுக் குறையும். எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும். இருட்டிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு இதை விற்பது சரியா? இரவில் வள்ளத்தில் போகிறவர்களும் இதையே கேட்க வேண்டும் என்று முட்டத்து நண்பர் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு, முற்றிய கண் நீர் அழுத்தம், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் தேய்வு உள்ளவர்களுக்கும் இந்த லென்ஸை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள், ஏனென்றால் ஏற்கெனவே குறைந்த பார்வையை மேலும் பங்கு வைக்க முடியாது.

லேசர் பற்றி. ஃபெம்டோ லேசர் கண்புரை அறுவையை 2008இல் ஹங்கேரியில் சோல்டான் நாகி முதலில் மனிதருக்குச் செய்தார். துளையிடுவது, லென்ஸ் பையின் முன்சுவரை வட்டமாக வெட்டுவது, புரையை முன்கூட்டியே துண்டாக்குவது ஆகியவற்றை அது கணினித் துல்லியத்தோடு செய்யும். அதன் பிறகும் துண்டுகளை வெளியே எடுக்க பேக்கோ கருவிதான் வர வேண்டும். பிரான்சிலும் இங்கிலாந்திலும் நடந்து 2020இல் வெளியான இரண்டு பெரிய ஒப்பீடுகளில், கைதேர்ந்தவர் செய்யும் சாதாரண பேக்கோவைவிட லேசர் மேலான பார்வை தந்ததாகத் தெரியவில்லை. சில கடினமான கண்களில் மருத்துவர் அதை விரும்பக்கூடும். அத்தானுக்கு அப்படி ஏதும் சொன்னார்களா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு மழைக்காலத்துக்கு வேண்டிய அரிசி வாங்கலாம்.

28 ஜனவரி 2024

சாதாரண லென்ஸ் என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 1986இல் ஒரு முகாமில் அறுவை நடந்தது. அன்று நம் ஊர்ப் பக்கம் முகாம்களில் உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. புரையை எடுத்துவிட்டு, தலையை அசைக்காமல் நாட்கணக்கில் படுக்க வைத்து, கடைசியில் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் உலகமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், நடுவில் மட்டும் தெளிவு, ஓரத்தில் ஆட்கள் திடீரென்று முளைப்பார்கள். செம்பிலிருந்து தம்ளருக்கு அப்பா ஊற்றும் தண்ணீர் தம்ளருக்கு முன்னால் விழும். பிறகு அவர் இடது கையால் தம்ளரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஊற்றப் பழகினார். இறக்கும் வரை அப்படித்தான் ஊற்றினார்.

உள்ளே வைக்கும் லென்ஸை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949இலேயே வைத்துவிட்டார். போர் விமானிகளின் கண்ணில் புகுந்த விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்து, அந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்தார். நம்மிடம் அது வந்து சேராததற்கு விலையே முக்கியக் காரணம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதைச் சேர்ந்த ஆரோலேப் 1992இல் லென்ஸ்களை இங்கேயே செய்யத் தொடங்கியதும் நூறு டாலர் கணக்கில் இருந்த விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அரவிந்தின் திருநெல்வேலிக் கிளை 1988இல் வந்த பிறகு, விடிவதற்கு முன் நாகர்கோவிலில் திருநெல்வேலிப் பேருந்து ஏறுகிற நம் ஊர்க்காரர்களில் பச்சைத் துணியைக் கண்ணுக்கு மேல் தொங்கவிட்டபடி திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அட்டையில் அடிவரிசையில் இருக்கும் அந்தச் சாதாரண லென்ஸுக்காக என் அப்பா எதையும் கொடுத்திருப்பார்.

9 பிப்ரவரி 2024

இரண்டு செய்திகள்.

சிறுநீர் தடைக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து கண்பாவையை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடுவதால், அறுவையின் நடுவே, கண்பாவையைச் சுற்றியுள்ள கருந்திரை துவண்டு அலையும். 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் இதை விவரித்தார்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதில் பயன் இல்லை, பழைய விளைவு தங்கியிருக்கும். முன்பே தெரிந்தால் மருத்துவர் ஆயத்தமாக இருப்பார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வெட்கப்பட்டு மறைத்தவர் என் அண்ணன். மைனிதான் மருந்துப் பையை அப்படியே மேசையில் கொட்டினார்.

மற்றது தொற்று. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆனால் வந்தால் கண்ணே போகலாம். அறுவைக்குப் பின் சில நாட்களில் வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீடு, மழை என்று தள்ளக் கூடாது.

22 பிப்ரவரி 2024

ஜனவரி 11 அன்று ‘தீர்ந்தது’ என்று எழுதியது அவசரம். ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு என்று வைப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. வேறுபாடு கூடக்கூட, படியின் ஆழத்தையும் எதிரே வரும் வண்டியின் தூரத்தையும் கணிப்பது கடினமாகும். திருநெல்வேலியில் இந்த முறை மருத்துவர் முதலில் என் தொழிலைக் கேட்டார். சோதனைச் சட்டத்தில் கண்ணாடிகளை மாட்டி நடக்கவிட்டார், படி இறங்கவிட்டார். மைனஸ் இரண்டரை வரை கேட்க வேண்டும் என்று போன நான், மைனஸ் ஒன்றரையில் நின்றேன். அதில் இரண்டடி தூரத்துக் கணினியும் பேரேடும் தெரியும். பொடி எழுத்துக்கு மெல்லிய கண்ணாடி போதும்.

இன்னொரு பழைய வாக்கியத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. விலை கூடினால் பார்வை கூடாது என்று எழுதினேன். இடது கண்ணின் கருவிழியில் ஒன்றே முக்கால் சிலிண்டர் இருப்பதாக அளவு சொல்கிறது. சாதாரண லென்ஸ் வைத்தால் எந்தத் தூரத்திலும் எழுத்து நிழலடிக்கும். ஆகவே டோரிக் லென்ஸுக்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டேன். அது சரியான அச்சில் உட்கார வேண்டும்; ஒரு டிகிரி விலகினால் திருத்தத்தில் சுமார் மூன்று சதவீதம் போகும், முப்பது டிகிரி விலகினால் முழுதும் போகும். படுத்ததும் கண் சற்றுத் திரும்பிக்கொள்ளும் என்பதால், உட்கார்ந்திருக்கும்போதே கருவிழி ஓரத்தில் மையால் புள்ளி வைப்பார்களாம். எல்லைக்கல் நடுவதற்கு முன் சர்வேயர் ஆணி அடிப்பது போலத்தான்.

அறுவை 27ஆம் தேதி.

14 மார்ச் 2024

முடிந்தது. ஒட்டுமொத்தமாக நன்று. திரும்பி வரும்போது முப்பந்தலில் காற்றாலை இறக்கைகள் சுற்றுவதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேருந்துச் சீட்டை மட்டும் கண்ணாடி இல்லாமல் சற்று விலக்கிப் பிடித்து வாசித்தேன். முதல் வாரம் இரண்டு கண்ணும் தனித்தனி ஆட்களாக நடந்துகொண்டன. இப்போது ஒன்றாக வேலை செய்கின்றன.

மும்முனை லென்ஸைக் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்ற எண்ணமும் வந்திருக்கிறது. என் சம்பந்தி இரண்டு கண்ணிலும் அதைத்தான் வைத்திருக்கிறார். வளவு வீட்டுத் திண்ணையில் கண்ணாடியே இல்லாமல் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார். மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய்விட்டு வந்து, சீரியல் விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று வளையம் தெரிந்தது, அம்மன் கோவில் இரண்டு மடங்கு ஜொலித்தது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் இரவில் வண்டி ஓட்டுவதில்லை, அவருக்கு வளையம் ஒரு பொருட்டே அன்று. அவருக்கு அது சரியான லென்ஸ்.

வேறொரு வியப்பு: என் வெள்ளை வேட்டிகள் எல்லாம் நீலமாக இருக்கின்றன. புரை மஞ்சள் வடிகட்டி போல நின்று நீலத்தை மறைத்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். அது எனக்கான விளக்கம். வேட்டிக்கு நீலம் போடுவது என் மனைவி.

2 ஏப்ரல் 2024

குலசேகரம் அத்தானுக்கு ஒரு கண் முடிந்தது. பேக்கோ, ஒருமுனை லென்ஸ், குறி ஒரு கை நீளத்துக்குச் சற்று அப்பால். அக்காவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லையாம், விலை குறைந்துபோனதே என்று. மழை தொடங்குவதற்கு முன் அடுத்த கண்ணையும் முடித்துவிட எண்ணுகிறார்கள்.

புரை மறுபடியும் வளர்ந்துவிட்டது, லென்ஸ் கெட்டுவிட்டது என்று எழுதிய அருமனைக்காரருக்கு: எடுத்த புரை வளராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின்சுவர், மிஞ்சிய செல்கள் பரவுவதால் சிலருக்கு மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கும். யாக் லேசரால் அதன் நடுவே ஒரு சாளரம் திறப்பார்கள். சில நிமிட வேலை, வெட்டு இல்லை. லேசர் என்ற சொல் உண்மையிலேயே பொருந்துகிற இடம் அதுதான்.

21 ஏப்ரல் 2024

மனைவியின் கண்ணைச் சோதித்தாயிற்று. இரண்டிலும் புரை, நன்றாகப் பழுத்த மஞ்சள். வேட்டி வெளுக்கவில்லை, வெளுக்கவில்லை என்று இரண்டு ஆண்டுகளாக நீலத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். புரைக் கண்ணோடு நானும் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் போயிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

அட்டை வந்தது, நான்கு விலை. நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே மருத்துவரிடம் சொன்னாள்: “அரிசியில கல்லு பொறுக்கணும், ஊசியில நூலு கோக்கணும், பேரப்பிள்ளை போன்ல வந்தா முகம் தெரியணும். தூரத்துல எனக்க என்ன இருக்கு சார்? தூரத்துக்கு வேணும்னா கண்ணாடி போட்டுக்கிடுதேன்.” மருத்துவர் சிரித்துவிட்டு, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் இரண்டரை என்று குறித்தார். அட்டையில் அடிவரிசை லென்ஸ்தான்.

மே 6 அறுவை. அதுவரை வேட்டிக்கு நீலம் போடுவது நான்.